மூன்று பேருக்கும் ஒரே தடம்

கொம்பன் என்ற அந்தக் காரில் அன்று காலை உட்கார்ந்தவர்கள் நான்கு பேர். ஸ்டீயரிங் பிடித்தவள் தவமணி. அவளுக்கு இடப்பக்கம், மடியில் தண்ணீர்ப் பாட்டிலை வைத்துக்கொண்டு, செங்கோடன். பின்சீட்டில் தவமணியின் முதுகுக்கு நேர் பின்னால் ரெஜினா டீச்சர். டீச்சருக்கு அந்தப் பக்கம், கண்ணாடியோரமாக, கம்பெனிப் பெயர் பொறித்த சட்டையில் சுதர்சன். உட்கார்ந்த இடத்தை யாரும் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது, வண்டி மாறினாலும் இதே வரிசைதான் என்று காரவள்ளி அடிவாரத்திலேயே தவமணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஓட்டும் ஆள் மாறினால், இறங்கியவர் ஏறியவருடைய இடத்துக்குப் போய்விட வேண்டும்.

"பாரம் மாறினா வளைவுல வண்டி சாயறதும் மாறிப்போயிரும். அப்புறம் எதை எதோட ஒப்பிடறது?" என்றாள்.

தவமணி ராசிபுரத்தில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். நுகர்வோர் சங்கத்தின் மாதப் பத்திரிகையில் 'வாங்குமுன்' என்ற பக்கத்தை எழுதுகிறவளும் அவள்தான். இரண்டு வண்டிகளை எடுத்துக்கொண்டு, ஒரே ரோட்டில், ஒரே ஆட்களோடு ஓட்டிப் பார்த்து, மனதில் பட்டதை ஒளிக்காமல் எழுதுவாள். ஒவ்வொரு தடவையும் மூன்று பேர் ஓட்ட வேண்டும் என்பது அவள் வைத்திருக்கும் முறை. கை தேர்ந்த ஒருவர், கை பழகாத ஒருவர், நடுவில் அவள். இந்த முறை கை பழகாத ஆள் ரெஜினா டீச்சர். போன மாதம்தான் லைசென்ஸ் கிடைத்தது. மலைப்பாதையில் ஒருநாளும் ஓட்டியதில்லை. கை தேர்ந்தவர் செங்கோடன். ஓய்வு பெறும்வரை இதே கொல்லிமலைக்கு அரசு பஸ் ஓட்டியவர். வளைவில் எந்தப் பக்கம் பாறை நீட்டிக்கொண்டிருக்கிறது, எந்த மரத்தடியில் மழைக்குப் பிறகு பாசி பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

ஆனால் அவரை ஸ்டீயரிங் பக்கம் இழுத்து வருவதற்குள் தவமணிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆவணி மாதத்தில், ஓய்வுக்குப் பிறகு ஆசையாக வாங்கிய வரையாடு வண்டியில், சோளக்காடு என்ற ஊருக்குக் கீழே ஒரு வளைவில், எதிரே ஒரு வேன் வந்தபோது, ரோட்டோரம் அன்னாசிப்பழம் குவித்துக்கொண்டிருந்த பொன்னம்மாள் மீது மோதிவிட்டார். பொன்னம்மாளின் வலது கால் போய்விட்டது. வரும் திங்கட்கிழமை கோர்ட்டில் வழக்கு. வக்கீல் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், "தப்பு என்னுது" என்று எழுதிக் கொடுத்துவிடப் போவதாக உட்கார்ந்திருந்தார். அப்படி எழுதிக் கொடுத்தால் சிறை என்பது அவருக்குத் தெரியும். மோதிய நாளிலிருந்து அவர் எந்த வண்டியையும் தொடவில்லை.

"அதே மாதிரி வண்டியில இன்னொரு தடவை ஏறிப் பார்க்காட்டி, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கடைசிவரைக்கும் உங்களுக்கே தெரியாமப் போயிருமுங்க" என்று தவமணி சொன்ன ஒரு வார்த்தைக்குத்தான் கிளம்பி வந்தார்.

கொம்பன், வரையாடு இரண்டுமே சின்ன எஸ்.யு.வி. வகை. ஊருக்குள் சந்திலும் நுழையும், மலையும் ஏறும் என்று விற்கப்படுகிற ரகம். உயரமும் நீளமும் ஏறக்குறைய ஒன்றுதான். கொம்பனைப் பத்திரிகைச் சந்தாதாரர் ஒருவரிடம் இரவல் வாங்கியிருந்தார்கள். வரையாட்டைக் கம்பெனியே அனுப்பியது. கூடவே ஒரு ஆளையும் அனுப்பியது. அந்த ஆள்தான் சுதர்சன். சென்னைப் பையன், மரியாதையானவன், கேட்ட கேள்விக்கெல்லாம் சிரித்த முகத்தோடு பதில் சொன்னான்.

சோதனைக்குத் தவமணி தேர்ந்தெடுத்தது அடிவாரத்திலிருந்து, ரோட்டுக்குக் குறுக்கே ஓடைத் தண்ணீர் ஓடும் ஒரு கொண்டை ஊசி வளைவு வரைக்கும். முதலில் கொம்பன். அதன் குறைகளைச் சொல்லி முடியாது. ஸ்டீயரிங் திருப்பினால் தோள்பட்டை வலித்தது. முன்கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண் தடிமனாக இருந்து வளைவில் எதிரே வருவதை மறைத்தது. ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது ஒரு சாண் பின்னால் நழுவியது, பின்சீட்டில் டீச்சர் "ஏசுவே" என்றார்.

"இது என்னங்க அம்மிணி, நெல்லு மூட்டை ஏத்தின மாட்டு வண்டியாட்ட இருக்குது" என்றார் செங்கோடன், தன் முறை வந்தபோது. ஆனாலும் கை நடுங்காமல் ஓட்டினார். ரெஜினா டீச்சர் முறையில் நடுங்காத ஆளே இல்லை.

அடுத்து வரையாடு. கதவைச் சாத்தியதுமே வெளிச்சத்தம் நின்றது. சீட் இடுப்பைப் பார்த்துத் தானே குழிந்துகொண்டது. ஸ்டீயரிங்கில் இரண்டு விரல் வைத்தால் போதும், வளைவு தானாக வந்து கைக்குள் உட்கார்ந்தது போல் இருந்தது. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே தவமணி தனக்குள் ஒப்புக்கொண்டாள், இவ்வளவு சுகமான வண்டியை அவள் ஓட்டியதில்லை. வண்டி தன் பேச்சைக் கேட்கிறது என்பதைவிட, சொல்ல நினைப்பதற்கு முன்பே கேட்டுவிடுகிறது என்று தோன்றியது.

செங்கோடன் ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஓட்டினார். வளைவு தாண்டி நிறுத்தியதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்த வண்டி எம்பேச்சைத் தட்டாது அம்மிணி. அன்னைக்கும் தட்டலை. நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன்" என்றார்.

அடுத்து ரெஜினா டீச்சர் முறை. டீச்சர் இறங்கி வரும்போது முகமெல்லாம் பல்லாக இருந்தது. "அக்கா, பார்த்தீங்களா? அப்படியே செங்கோடண்ணா மாதிரி ஓட்டிட்டேன்" என்றார்.

அப்போதுதான் தவமணி வழக்கமாகச் செய்யும் கடைசி வேலையைச் செய்யக் கீழே இறங்கினாள். ஓடைத் தண்ணீரில் நனைந்த டயர், அதற்கு அப்பால் காய்ந்த தார் ரோட்டில் ஈரத் தடம் போடும். அந்தத் தடம் காய்வதற்குள் சாக்பீஸால் அதன் மேல் கோடு இழுத்துவிடுவாள். ஓட்டியவர் வளைவை எப்படி எடுத்தார் என்று அந்தக் கோடு சொல்லிவிடும். சாக்பீஸ் டீச்சருடைய உபயம். தவமணிக்கு வெள்ளை, செங்கோடனுக்கு மஞ்சள், டீச்சருக்குச் சிவப்பு. கொம்பனுக்குப் புள்ளிக்கோடு, வரையாட்டுக்கு முழுக்கோடு. ஒவ்வொரு முறையும் கீழே இறங்கிக் கோடு போட்டவள் அவள்தான். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து நின்று பார்ப்பது கடைசியில்தான்.

கொம்பன் போட்டது மூன்று கோடு. மஞ்சள் கோடு வெளியே அகலமாகப் போய், நிதானமாக உள்ளே வந்து சேர்ந்தது. வெள்ளைக் கோடு அதைவிடக் கொஞ்சம் அவசரம். சிவப்புக் கோடு இரண்டு இடத்தில் யோசித்து, ஒரு இடத்தில் பயந்து, எதிர் ஓரம்வரை போய்த் திரும்பியிருந்தது. பார்த்தாலே ஆள் தெரிந்தது.

வரையாட்டுக்கு ஒரே கோடுதான் இருந்தது. குனிந்து பார்த்தாள். வெள்ளையின் மேல் மஞ்சள், மஞ்சளின் மேல் சிவப்பு. ஒரு விரல்கடை விலகல்கூட இல்லை.

தவமணி எழுந்து போய் வண்டியில் ஏறினாள். மற்ற மூவரையும் பழைய இடத்திலேயே உட்காரச் சொன்னாள். வண்டியைக் கொஞ்ச தூரம் கீழே இறக்கித் திருப்பிக்கொண்டு வந்து, ஓடையைத் தாண்டியதும் வேண்டுமென்றே தாமதமாகத் திருப்பினாள். பாடம் எடுக்கும்போது மாணவிகள் செய்யும் அதே தப்பு. வண்டி வெளிப்பக்கம் தள்ளியது. சீட்டின் ஓரம் அவள் விலாவில் அழுத்தியது. "அக்கா" என்று டீச்சர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தாள். புது ஈரம் பழைய கோட்டின் மேலேயே படுத்திருந்தது.

"சுதர்சன், இங்க வாங்க. இந்தக் கோட்டுக்கு அர்த்தம் சொல்லுங்க."

"லேன் அசிஸ்ட் மேடம். வண்டியோட தர்ற கையேட்டுல இருக்கு."

"அசிஸ்ட்டுன்னா உதவி. உதவி பண்ணினா என் தப்பு குறையும். இல்லாமயே போகாது. இப்ப நான் வேணும்னு லேட்டாத் திருப்பினேன். வண்டி வெளிய தள்ளினது என் விலாவுக்குத் தெரிஞ்சுது. டீச்சருக்கும் தெரிஞ்சுது. ஆனா டயர் நகரவே இல்லை. அப்படின்னா என் விலாவுக்குத் தெரிஞ்சது என்ன?"

சுதர்சன் சிரித்த முகத்தோடுதான் ஆரம்பித்தான். "சீட்டுக்குள்ள காத்துப் பை இருக்கு மேடம். ஓட்டறவங்களுக்கு ஒரு உணர்வு வேணும்னு..." அத்தோடு நின்றுவிட்டான். செங்கோடன் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

"உணர்வா?" என்றாள் தவமணி. "பொய்யா?"

அவன் ஓடையைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். "வெளிய சொல்லக் கூடாது மேடம். இதுல நீங்க ஓட்டறதே இல்ல. யாருமே ஓட்டறதில்ல. வாங்கின முதல் நாள்லேருந்து அது தானாத்தான் ஓடுது. ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு கிடையாது."

"அப்ப என் கை திரும்புறது?"

"நீங்க திருப்பறதுக்கு ஒரு மயிரிழை முன்னாலயே ஸ்டீயரிங் நகரும். கை அதுகூடவே போயிடும். நாமதான் திருப்பினோம்னு மூளை எடுத்துக்கும். ரொம்ப வருஷம் ஓட்டினவங்க மூளை இன்னும் சீக்கிரமா எடுத்துக்குது. சோதனைக்கு வந்தவங்கள்ல ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கல."

"ஓட்டிட்டுப் போகட்டும். நல்லா ஓட்டுது, நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா ஓட்டறது நான்னு என்னை எதுக்கு நம்ப வைக்கணும்?"

"தானோட்டின்னு பதிவு பண்ணினா விபத்துக்கெல்லாம் கம்பெனிதான் மேடம் பதில் சொல்லணும். சட்டம் அப்படி. இப்படிப் பதிவு பண்ணினா, ஓட்டினவங்க பொறுப்பு." கொஞ்சம் நிறுத்திச் சொன்னான். "அது மட்டுமில்ல. தானோட்டின்னு விளம்பரம் பண்ணின வண்டியை நம்ம ஊர்ல யாரும் வாங்கல. சும்மா உட்கார்ந்துட்டுப் போறதுக்கு நான் எதுக்குன்னு கேட்டாங்க."

தவமணிக்குக் காது மடல் சுட்டது. நாலு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து இதைப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். டீ குடித்திருப்பார்கள். மனிதனுக்குத் தன் கைமேல் இருக்கிற நம்பிக்கையை எடுத்து, அதையே தங்களுக்குக் கேடயமாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவன் சொல்லியிருப்பான், மற்ற மூவரும் தலையாட்டியிருப்பார்கள். வண்டி ஒழுங்காக வந்து சேர்ந்தால் வரையாடு பிரமாதம் என்று விளம்பரம். எங்கேயாவது இடித்தால் ஓட்டுநர் கவனக்குறைவு.

"அப்ப அன்னைக்கு?" என்றார் செங்கோடன்.

சுதர்சன் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. "எதிர்ல வேன் வந்துச்சுன்னு சொன்னீங்களே சார். உள்ள ஆள் நிறைய இருந்திருப்பாங்க. ஒருத்தரா, நிறைய பேரான்னு வண்டி கணக்குப் போட்டிருக்கும்."

"எங்கையிதானப்பா திரும்புச்சு. நான் பார்த்தனே."

"கை திரும்பும் சார்."

மேலிருந்து இறங்கி வந்த மினி லாரி ஹாரன் அடித்து, இவர்களைச் சுற்றிக்கொண்டு போனது. அதன் டயரும் தன் பங்குக்கு ஒரு ஈரத் தடம் போட்டுவிட்டுப் போனது.

"கணக்கு சரியாக்கூட இருக்கலாம் மேடம்" என்றான் சுதர்சன், மெதுவாக. "வேன் உருண்டிருந்தா..."

"சரியாவே இருக்கட்டும். சரியான கணக்குன்னா போட்டவன் கையெழுத்தைப் போட வேண்டியதுதானே? எதுக்கு இவர் கையைப் பிடிச்சுப் போட வைக்கறீங்க? ஒரு பொம்பளையோட காலை எடுக்கறதுன்னு நீங்க முடிவு பண்ணுவீங்க, பண்ணினது நான்னு இந்த மனுஷன் ஜெயிலுக்குப் போகணுமா?"

ரெஜினா டீச்சர் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். தவமணி திருப்பித் தந்த சிவப்பு சாக்பீஸ் கையில் இருந்தது. "இன்னைக்கு வீட்ல போய்ச் சொல்லலாம்னு இருந்தேன்கா" என்றார். பிறகு, "கோபப்படாதீங்க. தெரிஞ்ச பிறகும் நான் இதைத்தான் வாங்குவேன். கொம்பன்ல நான் போட்ட கோட்டை நீங்களே பார்த்தீங்க. எதிர்ல ஒரு பஸ் வந்திருந்தா நாம இப்ப பேசிட்டு இருக்க மாட்டோம்."

"வாங்குங்க டீச்சர். ஆனா டிக்கெட் எடுத்த ஆளாட்டம் உட்காருங்க. டிரைவர்னு உங்க பேரை எவனும் எழுதக் கூடாது. அவ்வளவுதான் நான் கேக்கறது."

அடிவாரத்து டீக்கடையில் பெஞ்சில் தாளை வைத்துத் தவமணி எழுதத் தொடங்கினாள். பத்திரிகைக்கு அல்ல. நாமக்கல் கோர்ட்டுக்கு, செங்கோடனின் வக்கீல் மூலமாக. நாள், இடம், வண்டிகள், யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் எந்த வரிசையில் ஓட்டினார்கள், எந்த நிறக் கோடு யாருடையது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதினாள். தாமதமாகத் திருப்பியதையும் விலாவில் அழுத்தியதையும் எழுதினாள்.

சுதர்சன் பெஞ்சின் மறுமுனையில் வந்து உட்கார்ந்தான். "மேடம், என் பேரைப் போடாதீங்க. வேலை போயிடும்."

"நீங்க சொன்னதை எழுதுவேன். யார் சொன்னாங்கன்னும் எழுதுவேன். செஞ்சது யாருன்னு மறைச்சதாலதானே இவ்வளவும் வந்துச்சு? நானும் மறைக்கறதா?"

அவன் டீயைக் குடித்து முடித்தான். டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். "இனிஷியல் எம்.ஆர்." என்றான். "பேரை ஐடி கார்டுல இருக்கற மாதிரியே தப்பில்லாம எழுதுங்க. கோர்ட்டுல கேட்டா நான் வந்து சொல்றேன்."

செங்கோடன் ஒன்றும் குடிக்கவில்லை. விடுதலையான மனிதர் மாதிரி இல்லை. வலது கையை மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆவணியிலிருந்து இந்தக் கையால சோறு பிசையலை அம்மிணி. கரண்டியில திங்கறேன். எம்பொண்டாட்டி கேட்டா வாதம்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றார். "தினமும் போயி அந்தப் பொன்னம்மா வாசல்ல நிப்பேன். நீ வராதய்யா, உன்னைப் பார்த்தா எனக்குக் காலு ஞாபகம் வருதுங்கும். அப்பவும் போவேன். இவனுக எவனாச்சும் ஒரு நாளு வந்து நின்னிருப்பானா?"

"வருவாங்க. கோர்ட்டுல நிக்க வைக்கலாம்."

அவர் சுதர்சன் பக்கம் திரும்பினார். "தம்பி. வாங்கின முதல் நாள்லேருந்தேன்னு சொன்னயே. முதல் நாள்லேருந்தேதானா?"

"ஆமா சார்."

"தைப்பூசத்தப்ப, செம்மேட்டுச் சந்தைகிட்ட ஒரு குழந்தை பந்தெடுக்க ஓடி வந்துச்சு. பொட்டுன்னு பிரேக் போட்டேன். பம்பருக்கும் குழந்தைக்கும் நடுவுல என் கை போகாது. சந்தையே கூடிருச்சு. செங்கோடன் கண்ணுன்னா கண்ணு, காலுன்னா காலுன்னாங்க. அந்தக் குழந்தையோட அப்பன் என் கையை விடவே இல்லை. தாய்மாமன் உசுரோட இல்லைன்னு சொல்லி, காது குத்தறப்ப என் மடியிலதான் உட்கார வெச்சாங்க. மாமன் சீரு நான்தான் செஞ்சேன். இப்பவும் என்னைப் பார்த்தா மாமான்னு ஓடி வருது." அவர் சுதர்சனைப் பார்த்தார். "அதுவும் நானில்லையா?"

"இல்ல சார்" என்றான் சுதர்சன்.

தவமணி எழுதுவதை நிறுத்தினாள். "அதுக்கும் வழக்குக்கும் சம்பந்தம் இல்லீங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

"எழுதுங்க அம்மிணி."

"எதுக்குங்க? உங்களுக்குன்னு அது ஒண்ணாவது இருந்துட்டுப் போகட்டும்."

"கம்பெனிக்காரன் என்ன செஞ்சான்? நல்லதை வண்டி பேருல வெச்சுக்கிட்டு, கெட்டதை எம்பேருல எழுதினான். நான் கெட்டதை மட்டும் வண்டிகிட்டத் தள்ளிப்போட்டு, நல்லதை வெச்சுக்கிட்டா? அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? குழந்தை வீட்டுக்கு நான் போய்ச் சொல்லிக்கிறேன். நீங்க எழுதுங்க."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தவமணிக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. பொன்னம்மாளிடமிருந்து காலை எடுத்தார்கள், அது ஊருக்கெல்லாம் தெரியும். இந்த மனிதரிடமிருந்து எதை எடுத்தார்கள் என்பதை எந்த வழக்கில் போட்டுக் கேட்பது? பேனாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதினாள்.

'மேற்படி வண்டியை வாங்கிய நாள் முதல் திரு. செங்கோடன் அதை ஒருமுறைகூட ஓட்டியதில்லை. சோளக்காட்டு வளைவில் பொன்னம்மாள் மீது மோதியது அவர் செயல் அல்ல. தைப்பூசத்தன்று செம்மேட்டில் ஒரு குழந்தை உயிர் பிழைத்ததும் அவர் செயல் அல்ல. இரண்டாவது வாக்கியத்தோடு மூன்றாவதும் கடிதத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டது மட்டும் அவர் செயல்.'

மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். சுதர்சன் கேட்காமலேயே நான்காவதாகப் போட்டான். வரையாட்டை அவனிடம் விட்டுவிட்டு, மற்ற மூவரும் கொம்பனில் சேந்தமங்கலம் போனார்கள். ஓட்டியவர் செங்கோடன். வேகத்தடையில் எல்லோருக்கும் தலை இடித்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

தபால் ஆபீஸில் பதிவுத் தபாலுக்கு நேரம் முடியப் போகிறது என்றார் உள்ளே இருந்த அம்மாள். தவமணி தாளை நான்காக மடித்து உறையில் போட்டாள். செங்கோடன் உறையை வாங்கி, மேசையோரத்துப் பசைப் புட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். உறை மடிப்பின் ஓரம் முழுக்க நிதானமாகத் தடவி மடித்து, வலது உள்ளங்கையை அதன் மேல் வைத்து அழுத்தினார்.

"ஒட்டிருச்சுங்க, கொடுங்க. பை கட்டணும்" என்றார் அந்த அம்மாள்.

அவர் கையை எடுத்து உறையை நீட்டினார். அம்மாள் முத்திரையை இரண்டு தரம் குத்தி, பைக்குள் போட்டு, வாயைச் சுருக்கிக் கட்டி, வெளியே நின்றிருந்த தபால் வேனுக்கு அனுப்பிவைத்தாள்.